தூதராலய வாசலில் ஒரு மாலைப் பொழுது

தமிழ் இலக்கியத்தில் பற்றுள்ளவன் எவனும் பிராக் நகரத்தை முற்றிலும் அந்நிய ஸ்தலமாகக் கருதிவிட முடியாது. கமில் சுவெலபில் பிறந்து, கல்வி கற்று, நம்முடைய பழந்தமிழின் மீது தீராத மோகம் கொண்டு, சிலப்பதிகாரத்தைத் தம் தாய்மொழியாகிய செக் பாஷையில் பெயர்த்துக் கொடுத்த ஊர் அது. 1968-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சோவியத் டாங்கிகள் அந்நகரத்து வீதிகளில் புகுந்த பிறகு, அந்த மனிதர் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டுச் சிகாகோவுக்கும், பின்னர் ஹாலந்து தேசத்துக்கும் போய், முருகனின் புன்னகையைத் தலைப்பில் தாங்கிய தமது புகழ்பெற்ற நூலை 1973-இல் லெய்டன் நகரத்திலிருந்து வெளியிட நேர்ந்தது. நம்மிடம் அன்பு வைத்த ஓர் அறிஞரை அவருடைய ஊரிலேயே வாழவிடாமல் செய்த சக்தி எது என்ற எண்ணம் மனத்தில் இருந்தபடியால், 2024 பிப்ரவரி மாதக் கடைசியில் நான் வியன்னாவிலிருந்து ரயிலேறிப் பிராக் போய்ச் சேர்ந்தபோது, கோட்டையையும் சார்லஸ் பாலத்தையும் பார்க்கும் ஆவலைக் காட்டிலும், நாடிழந்தவர்களின் சுவடுகளைப் பார்க்கும் ஆவலே மிகுதியாக இருந்தது.

அவ்வருஷம் குளிர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எனக்கு இடங்கொடுத்து உபசரித்த திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர், அங்கே கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர், நான் பார்க்க விரும்புவது இன்னதென்று கேட்டறிந்துகொண்டு, “அப்படியானால் காலையில் ஓல்ஷானி கல்லறைக்குப் போவோம் சார், சாயங்காலம் ருஷ்யத் தூதராலயத்துக்குப் போவோம். இன்றைக்குத் தேதி இருபத்தேழு. வருஷா வருஷம் இந்தத் தேதியில் ருஷ்யக்காரர்களே அங்கே வந்து நிற்பார்கள்” என்றார். எந்தத் தேதி, எதற்காக நிற்பார்கள் என்பதை அவர் விளக்காமலே நான் புரிந்துகொண்டேன்.

ஓல்ஷானி அந்நகரத்தின் மிகப் பெரிய மயானம். அதன் ஒரு பகுதியில் வெங்காய வடிவக் கோபுரத்தோடு சிறிய ருஷ்யக் கோயில் ஒன்று நிற்கிறது. 1924-லும் 1925-லுமாகக் கட்டப்பட்டது. செக்கோஸ்லோவாகியாவின் முதல் பிரதம மந்திரியாகிய கரேல் க்ராமார்ஷ், ருஷ்யப் பெண்மணியாகிய தம் மனைவியுடன் அதன் அடித்தளத்திலேதான் அடக்கமாகியிருக்கிறார். போல்ஷெவிக் புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த ருஷ்யர்களுக்கு, ஜனாதிபதி மஸாரிக்கின் அரசாங்கம் ‘ருஷ்ய உதவித் திட்டம்’ என்ற பெயரில் உபகாரச் சம்பளமும், மாணவர்களுக்கு வித்தியா வசதியும் தாராளமாக அளித்தது. பேராசிரியர்களும் கவிகளும் படை இழந்த தளபதிகளும் அக்காலத்தில் பிராகில் வந்து குடியேறினார்கள். கவிஞை மரீனா த்ஸ்வெதாயெவா அந்நகரத்திலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் மூன்று வருஷங்கள் போல வாழ்ந்தார். என்றைக்காவது போல்ஷெவிக் ஆட்சி கவிழும், மறுநாளே பெட்டி கட்டி ஊர் போய்ச் சேரலாம் என்று காத்திருந்த அந்த ஜனங்களுள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது இந்த மரங்களின் கீழேதான்.

அங்கே எலேனா நபோகவ் என்ற அம்மையாரின் சமாதி இருக்கிறது. பெரிய நாவலாசிரியராகிய விளாதிமிர் நபோகவின் தாயார் அவர். அவருடைய கணவரும் விளாதிமிர் என்ற பெயரினரே. ஜார் காலத்து லிபரல் தலைவர்களுள் ஒருவர், பத்திரிகாசிரியர். 1922 மார்ச்சு 28-ஆம் தேதி பெர்லின் பில்ஹார்மோனிக் மண்டபத்தில், தம் சகாவாகிய மில்யுக்கோவ் பேசிக்கொண்டிருந்தபோது, அவரைக் கொல்ல வந்த முடியரசு வெறியர் இருவருள் ஒருவரோடு மல்லுக்கு நின்று, குண்டுகளைத் தாம் ஏற்று மாண்டவர். கொலைஞர்களும் ருஷ்யர்களே, அகதிகளே. அரசியல் படுகொலை என்பது எல்லைச் சாவடியோடு நின்றுவிடும் வியாபாரமன்று என்பதை அந்தக் குடும்பம் நூறு வருஷங்களுக்கு முன்பே கண்டுவிட்டது. விதவையாகிய எலேனா, செக் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தை நம்பிப் பிராகுக்கு வந்து, 1939-இல் அங்கேயே காலமானார். அதற்கு ஆறு வருஷங்களுக்குப் பின், 1945 மே மாதத்தில் செம்படை வந்தது. அதன் பின்னாலேயே வந்த வேவுப் படையினர், இருபது வருஷத்துக்கு மேலாக அந்நகரத்தில் வாழ்ந்துவந்த ருஷ்யர்களைத் தேடிப் பிடித்துச் சோவியத் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கும் கோயிற் சுவரில் ஒரு ஞாபகக் கல் பதித்திருக்கிறது.

இதே மயானத்தில்தான் யான் பாலாக்கின் சமாதியும் இருக்கிறது. சோவியத் படையெடுப்பைத் தன் நாட்டார் மெல்ல மெல்லச் சகித்துக்கொள்ளத் தொடங்கியதைக் கண்டு பொறாமல், 1969 ஜனவரி 16-ஆம் தேதி வென்சஸ்லாஸ் சதுக்கத்தில் தன் உடம்புக்குத் தானே தீ வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் இறந்த மாணவன். அவனுடைய சமாதியில் ஜனங்கள் புஷ்பமும் விளக்கும் வைப்பது ஓயவில்லை என்று கண்ட அரசாங்கத்து இரகசியப் போலீசார், 1973-இல் உடலைத் தோண்டியெடுத்துத் தகனம் செய்து சாம்பலைத் தாயாரின் ஊருக்கு அனுப்பிவிட்டு, அந்தக் குழியில் சம்பந்தமில்லாத ஒரு மூதாட்டியைப் புதைத்தார்கள். 1990-இல்தான் அவன் திரும்பி வந்தான். பீரங்கி வைத்திருக்கும் ராஜ்யத்துக்கு ஒரு கொத்துப் பூவின் மேல் இத்தனை பயம் எதற்கு என்று கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் சாயங்காலம் நான் சந்திக்கவிருந்த மனிதர்களாகவே இருக்க வேண்டும்.

பிற்பகலில் பாதாள ரயிலேறி ஹ்ராட்சன்ஸ்கா நிலையத்தில் இறங்கி, புபெனெச் என்ற பேட்டைக்குள் நடந்தோம். செல்வந்தர்கள் கட்டிய மாளிகைகளும் பிற நாட்டுத் தூதராலயங்களும் நிறைந்த, சந்தடியற்ற பிரதேசம். இரு மருங்கும் பெரிய மரங்கள். ருஷ்யத் தூதராலயம் இருக்கும் மாளிகையும் ஒரு யூத வங்கியாளர் தமக்கென்று கட்டிக்கொண்டதுதான். நாஜிகள் வருவதற்கு முன்பே அவர் குடும்பம் ஓடிப் பிழைத்தது. நாஜிகள் போனபின் வீடு சோவியத் சர்க்கார் வசமாயிற்று. அதற்கு எதிரில் இருக்கும் சிறிய சதுக்கத்துக்கு 2020 வரையில் மரங்களை ஒட்டிய சாதாரணமான ஒரு பெயர்தான் வழங்கிற்று. அவ்வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி, நகர சபையார் அதை போரிஸ் நெம்ட்சோவ் சதுக்கம் என்று மாற்றி, சிவப்பு எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்தில் பொறித்து மாட்டினார்கள். நெம்ட்சோவின் மகள் ஜான்னா நேரில் வந்திருந்தார். அருகேயுள்ள ஸ்ட்ரோமொவ்கா பூங்காவின் நடைபாதை ஒன்றுக்கு, 2006-இல் மாஸ்கோவில் தம் வீட்டு லிப்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயாவின் பெயர் கிடைத்தது.

இதற்கு ருஷ்யத் தூதராலயத்தார் செய்த மறுமொழி ராஜதந்திர சரித்திரத்தில் ஒரு வேடிக்கை. தங்கள் கடிதத் தலைப்பில் நெம்ட்சோவின் பெயரை நாள்தோறும் அச்சிட மனமில்லாமல், பக்கத்திலிருக்கும் கொருனோவாச்னி வீதியில் தங்களுக்குள்ள வேறொரு கதவின் எண்ணையே உத்தியோக விலாசமாக அறிவித்துவிட்டார்கள். நகர சபையும் விட்டபாடில்லை. 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்டபோது, தூதராலயத்தை ஒட்டிச் செல்லும் அந்த வீதியின் பகுதிக்கும் உக்ரைன் வீரர்களின் பெயரைச் சூட்டிற்று. வாஷிங்டனில் 2018-இலேயே தூதராலய முன்றிலுக்கு நெம்ட்சோவ் பெயர் வைத்தாகிவிட்டது; லித்துவேனியாவின் தலைநகரிலும் கீவிலும் அவ்வாறே. ஒரு பலகை மாட்டுவதால் எந்தக் கொலையும் துலங்கிவிடாது என்பது மெய்யே. ஆயினும் மாட்டின பலகையைப் படிக்க மறுத்து ஒரு வல்லரசு பின்வாசல் வழியே விலாசம் தேடுகிறது என்றால், பலகை மாட்டியவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நெம்ட்சோவை நம் வாசகர்களுள் பலர் மறந்திருக்கக்கூடும். 1959-இல் பிறந்தவர், பௌதிக சாஸ்திரி, சோவியத் யூனியன் சிதைந்த காலத்தில் நீஷ்னி நோவ்கரோத் மாகாணத்தின் கவர்னராகிப் பெயர் பெற்று, 1997-இல் யெல்த்ஸினின் கீழ் உதவிப் பிரதம மந்திரியானார், யெல்த்ஸினுக்குப் பின் இவரே ஜனாதிபதியாகக் கூடும் என்று பேசப்பட்டதும் உண்டு. அந்த ஸ்தானம் புடினுக்குப் போயிற்று. பின்பு எதிர்க்கட்சியில் நின்று, ஊழல் கணக்குகளையும், உக்ரைனில் ருஷ்யத் துருப்புகள் ஈடுபட்டிருந்ததற்கான சாட்சியங்களையும் சேகரித்து எழுதி வந்தார். 2015 பிப்ரவரி 27-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணி சுமாருக்கு, கிரெம்ளின் மதில்கள் கண்ணெதிரே தெரியும் பெரிய மஸ்க்வொரெத்ஸ்கி பாலத்தின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தவரை முதுகுப்புறமாகச் சுட்டு வீழ்த்தினார்கள். மார்ச்சு முதல் தேதி அவர் நடத்தவிருந்த எதிர்ப்பு ஊர்வலம், அவருக்கே துக்க ஊர்வலமாக மாறிற்று. 2017-இல் செச்சன்யாவைச் சேர்ந்த ஐவருக்கு 11 முதல் 20 வருஷம் வரை தண்டனை விதித்தார்கள். சுட்ட கை அகப்பட்டது, சுடச் சொன்ன வாய் இன்றளவும் அகப்படவில்லை. அந்தப் பாலத்தில் தொண்டர்கள் முறை வைத்து இரவும் பகலும் காவல் இருந்து பூக்களை வைப்பதும், நகரசபைச் சிப்பந்திகள் அவற்றை வாரிக்கொண்டு போவதும் அன்று முதல் நடந்து வருகின்றன.

நாங்கள் சதுக்கத்தை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூட்டம் பெரிதென்று சொல்ல முடியாது. வாலிபர்கள் மிகுதி, கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த தாய்மார்கள் சிலர், கனத்த மேலங்கி அணிந்த முதியோர் சிலர். நெம்ட்சோவின் படத்துக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவராகிய அலெக்ஸி நவால்னியின் படமும் இருந்தது. துருவப் பிரதேசத்துச் சிறையில் அவர் இறந்த செய்தி வந்து பதினோரு நாட்களே ஆகியிருந்தன. உடலைத் தாயாரிடம் ஒப்படைத்து மூன்றே நாட்கள். அஞ்சலி மண்டபம் ஒன்றும் இடந்தர மறுக்கிறது என்ற சமாசாரம் அன்றைக்குத்தான் பரவியிருந்தது. ருஷ்யாவிலோ அவருக்குப் பூ வைத்த குற்றத்துக்காக நூற்றுக்கணக்கானோரைப் பிடித்திருந்தார்கள். இங்கே படங்களுக்கு முன் கண்ணாடிக் குப்பிகளில் மெழுகுவத்திகளும், கார்னேஷன் பூக்களும் குவிந்து கிடந்தன. சிவப்புப் பட்டை நீங்கி வெள்ளையும் நீலமும் மட்டும் கொண்ட புதுக் கொடி ஒன்றைச் சிலர் போர்த்தியிருந்தார்கள். உக்ரைன் யுத்தம் தொடங்கிய பின், இரத்தத்தின் நிறத்தைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டோம் என்று வெளிநாட்டு ருஷ்யர்கள் வழங்கத் தொடங்கிய கொடி அது.

சாத்வீகப் போராட்டத்தை நாம் பெரியதொரு சரித்திரத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகியவர்கள். தடியடியும் சிறைவாசமும் இல்லாத சத்தியாக்கிரகம் நமக்குச் சப்பென்று தோன்றும். அங்கே இருந்த போலீஸ்காரர் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு சாவகாசமாக நின்றார்கள். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை, கொடும்பாவி இல்லை. ஒருவர் பின் ஒருவராக முன்வந்து, சிறையில் இருக்கும் அரசியல் கைதிகளின் பெயர்களை, இன்ன ஊர், இன்ன குற்றச்சாட்டு, இத்தனை வருஷம் என்று ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார்கள். அவ்வளவே. எதிரே இரும்பு வாயில் சார்த்திக் கிடந்தது. மேல் மாடி ஜன்னல் ஒன்றில் மட்டும் வெளிச்சம்.

சுவெலபில் மொழிபெயர்த்த காவியத்தின் நினைவு எனக்கு அப்போது வந்ததில் ஆச்சரியமில்லை. கண்ணகி நியாயம் கேட்டு நின்றது அயலூரில், அயலூர் அரசனுடைய வாயிலில். வாயிலோன் உள்ளே ஓடிப்போய், இப்படி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று அரசனிடம் அறிவித்தான், அரசனும் அவளை வரச் சொன்னான், வழக்கு நடந்தது, பிழையை உணர்ந்த மாத்திரத்தில் அவன் உயிரும் போயிற்று. இந்த ஜனங்கள் நின்றதும் அயலூர்தான். ஆனால் வாயில் அவர்களுடைய சொந்த அரசனுடையது. உள்ளே போய் அறிவிக்க வாயிலோன் இல்லை. உள்ளிருந்து படமெடுத்துப் பெயர்களைக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டும் உண்டு என்று அவர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

பெயர்களைப் படித்தவர்களுள் ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கலாம், ஊரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், எங்களோடு ஆங்கிலத்தில் சம்பாஷித்தார். “எங்கள் ஊரில் இப்படி இருவர் சேர்ந்து நின்றால் கூட்டம், அதற்கு அனுமதி வேண்டும், அனுமதி கிடைக்காது. ஆகையால் ஒற்றை ஆளாக அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்போம், அடுத்தவர் வெகு தூரம் தள்ளி நிற்பார், ஒருவரைப் பிடித்துப் போனால் மற்றவர் அந்த இடத்துக்கு வருவார். இப்போது ஒற்றை ஆளையும் விடுவதில்லை. இங்கே அப்படியில்லை, ஐந்து நாள் முன்னதாக நகர சபைக்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும். முதல் தடவை இங்கே இத்தனை பேர் தோளோடு தோள் நின்றபோது எனக்குக் கால் நடுங்கிற்று” என்றார்.

அந்தச் சமயம் தெருவின் மறுபுறத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி கடந்து வந்து, ருஷ்ய பாஷையிலேயே ஏதோ கடுமையாகக் கேட்டாள். உக்ரைன் தேசத்துப் பெண். கார்கிவ் நகரத்திலிருந்து வந்தவள். செக் நாட்டில் யுத்தத்துக்குத் தப்பி வந்து தஞ்சம் புகுந்த உக்ரைனியர் 3 லட்சத்துக்கும் அதிகம். ருஷ்யர்களோ 40,000 பேரளவில் இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே டிராமில் ஏறி, ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறார்கள். அவள் கேட்டதை ஆசிரியையே எங்களுக்கு எடுத்துச் சொன்னார்: இரண்டு மனிதருக்கு இவ்வளவு விளக்கு வைக்கிறீர்களே, எங்கள் தெருவில் செத்தவர்களுக்கு எத்தனை வைப்பீர்கள்? இதை உங்கள் ஊரில் போய்ச் செய்தால் என்ன? “நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?” என்று கேட்டேன். “அவள் சொல்வது சரி என்றேன். வேறென்ன சொல்ல?” என்றார்.

அந்தப் பெண்ணின் கேள்வியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அயல்நாட்டில் நின்று செய்யும் எதிர்ப்புக்கு அபாயம் குறைவு, பலனும் குறைவு. துக்கப்படும் மனத்துக்கு ஆறுதல் தருவதோடு அது நின்றுவிடலாம். ஆனால் அதே கூட்டத்தின் ஓரத்தில், ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற செக் கிழவர் ஒருவர் இதற்கு வேறொரு கணக்கு வைத்திருந்தார். 1968-இல் அவர் கல்லூரி மாணவர். தம் தெருவில் ருஷ்யப் பேச்சுக் கேட்டால் இன்றைக்கும் வயிறு கலங்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆயினும் ஒவ்வொரு வருஷமும் இங்கே வந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போவாராம். படையெடுப்பு நடந்த நாலாம் நாள், ஆகஸ்டு 25-ஆம் தேதி நடுப்பகலில், மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டு ருஷ்யர்கள் செக் நாட்டுக்காக உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நிமிஷங்களில் அவர்களை அடித்து இழுத்துப் போனார்கள். அவர்களுள் நடால்யா கொர்பானெவ்ஸ்கயா என்ற கவிஞை கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். அவரைப் பின்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள்; 1975-இல் நாட்டை விட்டு வெளியேறிப் பாரிஸில் குடியேறினார். அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கும் நெம்ட்சோவ் விழுந்த பாலத்துக்கும் நடந்தால் சில நிமிஷத் தூரமே. அந்த எட்டுப் பேராலும் ஒரு டாங்கி கூடத் திரும்பிப் போகவில்லை என்று கிழவரே ஒப்புக்கொண்டார். “ஆனால் ருஷ்யர்கள் எல்லோரும் என்று நான் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த எட்டுப் பேர் குறுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்” என்றார்.

எனக்கும் அதுவே படுகிறது. தேசம் என்றாலும் அரசாங்கம் என்றாலும் தானே என்று ஓர் ஆட்சி உலகத்தை நம்பவைக்கப் பார்க்கும்போது, அல்லவென்று சொல்ல ஆள் வேண்டும். உள்ளே சொன்னவர்கள் பாலத்திலும் சிறையிலும் கிடந்தால், வெளியே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குத் தூதராலயத்து வாசலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அந்த வாசலோ வேறொரு விதத்திலும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. என் நண்பர்தான் அதைக் கவனித்துச் சொன்னார்: “இவர்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் இங்கேதான் சார் வரணும். பர்னோவிலும் கார்லோவி வாரியிலும் இருந்த கான்சல் அலுவலகங்களை 2022-இல் மூடியாயிற்று.” யுத்தம் தொடங்கியதும் செக் அரசாங்கம் ருஷ்யர்களுக்கு விசா கொடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது, ஏற்கெனவே வந்திருப்பவர்கள் தங்கியிருக்க அனுமதி வேண்டுமானால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டை எந்த அரசாங்கத்தைக் கொலைகார அரசாங்கம் என்று இன்றிரவு சொல்கிறார்களோ அதே அரசாங்கத்தின் குமாஸ்தாவிடமிருந்துதான் வாங்க வேண்டும். 1920-களில் வந்தவர்களுக்கு நான்சென் என்ற நார்வே தேசத்துப் பெருந்தகை, நாடற்றவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரயாணச் சீட்டை ஏற்படுத்திக் கொடுத்தார். இவர்களுக்கு அப்படியொரு வசதி யாரும் செய்துவைக்கவில்லை.

ஏழரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. தரையில் வழிந்த மெழுகை இளைஞர் சிலர் அட்டையால் சுரண்டிக் குப்பைப் பையில் போட்டார்கள். அறிவிப்பில் கொடுத்த நேரத்துக்கு மேல் ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது என்று போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாக நினைவூட்டினார். ஆசிரியை டிராம் நிறுத்தம் வரையில் எங்களோடு நடந்து வந்தார். நகர சபைக்கு அறிவிப்புக் கொடுப்பவர் தம் பெயரையும் விலாசத்தையும் எழுதித் தர வேண்டுமாம். இதுவரை எழுதித் தந்துவந்த மனிதர் ஜெர்மனிக்குக் குடிபெயரப் போகிறபடியால், அடுத்த பிப்ரவரியில் தாம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாராம். தம்முடைய பாஸ்போர்ட்டும் அதே பிப்ரவரியில்தான் காலாவதியாகிறது, எந்த விண்ணப்பத்தை முதலில் கொடுப்பது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கையில், அவருடைய டிராம் வந்துவிட்டது.